கிணற்றில் பாக்டீரியா பொடி கொட்டினால் நைட்ரேட் போய்விடுமா?

பாலாடாக்காரன் | ஜனவரி 9, காலை 6:48

வணக்கம். நீலகிரியில் கேத்தி பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அறுபது வீடு. சுற்றிலும் கேரட், பீட்ரூட், கொஞ்சம் பூண்டு. குடிதண்ணீர் பள்ளத்தின் அடியில் இருக்கும் திறந்த கிணற்றிலிருந்து வருகிறது. மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிடுவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், வாடை கிடையாது. நாற்பது வருஷமாக யாரும் குறை சொன்னதில்லை.

தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு ஐம்பது நாள். தாய்ப்பால் போதாமல் பால் பவுடரும் கரைத்துக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்த செவிலியர் எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டு, ஒரு தடவை சோதித்துவிடுங்கள் என்றார். பாட்டிலில் பிடித்துக் கொடுத்தோம். நைட்ரேட் லிட்டருக்கு 72 மில்லிகிராம். அனுமதி 45 என்று அதே தாளில் அச்சாகியிருக்கிறது. மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

செய்தி பரவி, நாலாம் நாளே கீழே சமவெளியிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்துவிட்டார். கையில் வெள்ளைப் பொடி டப்பா. "இது பாக்டீரியா. மாதம் ஒரு கிலோ கிணற்றில் கொட்டினால் நைட்ரேட்டைத் தின்றுவிடும். வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் குடிதண்ணீர் சுத்தம் செய்கிறார்கள்" என்றார். கிலோ 3,800 ரூபாய். ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் வாங்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் விஷம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். பாக்டீரியாவால் தண்ணீரைச் சுத்தம் செய்வது உண்மையா, அளப்பா?

---

மஞ்சூர் மணி | ஜனவரி 9, காலை 7:30

கிருமி சாகட்டும் என்று வாரா வாரம் ப்ளீச்சிங் பவுடர் கலக்குகிறோம். இப்போது காசு கொடுத்துக் கிருமி வாங்கிக் கொட்ட வேண்டுமா? திங்கட்கிழமை பாக்டீரியா, செவ்வாய்க்கிழமை குளோரின். நல்ல வியாபாரம்.

---

ஆய்வகத்து அக்கா | ஜனவரி 9, காலை 9:15

தம்பி, பொடியைப் பிறகு பார்ப்போம். முதலில் குழந்தை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். காய்ச்சிக் கொடுத்தாலும் கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கும். அரை மணி நேரம் கொதிக்க விட்டால் 72 என்பது 80, 90 ஆகிவிடும். குளோரினுக்கும் நைட்ரேட் போகாது, புற ஊதா விளக்குக்கும் போகாது.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. நைட்ரேட் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். 45, 50 என்ற வரம்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தாய் குடிக்கும் தண்ணீரால் தாய்ப்பாலில் நைட்ரேட் பெரிதாக ஏறாது, அதனால் தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி பொடி. ஜீப்பில் வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் சிக்கல், முழுப் பொய் என்றால் எளிதாகத் துரத்திவிடலாம்.

மண்ணில் யூரியா போட்டாலும் சாணி போட்டாலும் அதிலிருக்கும் நைட்ரஜன் முதலில் அம்மோனியா ஆகும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். ஆக, உங்கள் கிணற்றில் இருக்கும் நைட்ரேட்டைச் செய்ததே பாக்டீரியாதான். அதைத் திரும்பக் காற்றுக்கு அனுப்ப வேறொரு கூட்டம் இருக்கிறது: சூடோமோனாஸ், பாராகாக்கஸ், தாவேரா என்று பல. பிராணவாயு கிடைக்காத இடத்தில் இவை நைட்ரேட்டை வைத்து மூச்சு விடும். நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் நைட்ரஜன் வாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது அதுதான், ஒரு கெடுதலும் இல்லை.

ஆனால் "பிராணவாயு கிடைக்காத இடத்தில்" என்றேன் பாருங்கள். உங்கள் திறந்த கிணறு ஊற்று விழுந்து, காற்றுப் பட்டு, பிராணவாயு நிறைந்து கிடக்கிறது. அந்த பாக்டீரியாவுக்கும் பிராணவாயுதான் பிடிக்கும். அது கிடைக்கும்வரை நைட்ரேட்டைத் தொடாது. இரண்டாவது, அதற்குத் தீனி வேண்டும், அதாவது கரிமப் பொருள். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரில் தீனி எங்கே இருக்கிறது? மூன்றாவது, தீனி போதாமல் பாதி வழியில் நின்றால் நைட்ரைட் மிஞ்சும். அது நைட்ரேட்டைவிடக் குழந்தைக்கு மோசம். உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு 50 வைத்திருக்கிறது, நைட்ரைட்டுக்கு 3-தான்.

ரேட், ரைட் என்று ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆய்வுத் தாளில் கவனித்துப் படியுங்கள்.

---

பாலாடாக்காரன் | ஜனவரி 9, காலை 9:52

அக்கா, ரொம்ப நன்றி. நாங்கள் இத்தனை நாளும் நன்றாகக் காய்ச்சித்தான் கொடுத்தோம், அம்மா இருபது நிமிஷம் கொதிக்க விடுவார். கேட்டதும் அம்மாவுக்குக் கை நடுங்கிவிட்டது. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, மதியம் டாக்டரிடம் காட்டிவிடுகிறோம். ஊட்டியில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து கேன் வருகிறது.

ஆர்.ஓ. மெஷின் வாங்கினால் போதுமா?

---

ஆய்வகத்து அக்கா | ஜனவரி 9, காலை 10:20

அம்மாவைத் திட்டாதீர்கள். காய்ச்சிக் குடி என்று ஊர் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கிருமிக்கு அது சரியான மருந்து, நைட்ரேட்டுக்கு இல்லை.

ஆர்.ஓ. நைட்ரேட்டைக் குறைக்கும். மற்ற உப்பைப் பிடிக்கும் அளவுக்கு நைட்ரேட்டைப் பிடிக்காது, ஆனால் 72-ஐ 45-க்குக் கீழே கொண்டுவரப் போதும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளும், அந்த நைட்ரேட் எல்லாம் அதில் போய் மறுபடி உங்கள் பள்ளத்தில்தான் இறங்கும். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு என்றால் சரி. அறுபது வீடும் வைத்தால் கிணற்றை நீங்களே வற்றடிப்பீர்கள்.

---

குன்னூர்ப் பையன், இப்போது கோபன்ஹேகன் | ஜனவரி 9, மதியம் 2:40

வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்கள் என்று அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை என்று நான் சொல்கிறேன். இங்கே தண்ணீர் நிலையத்தில்தான் வேலை.

டென்மார்க்கில் குடிதண்ணீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீர். உறிஞ்சி எடுத்ததும் காற்றூட்டுவோம், பிறகு மணல் படுகை வழியாக விடுவோம், அவ்வளவுதான். பெரும்பாலான இடங்களில் குளோரினே கிடையாது. அந்த மணலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாதான் இரும்பு, மாங்கனீஸ், அம்மோனியம் மூன்றையும் கவனித்துக்கொள்கிறது. யாரும் பொடி வாங்கிப் போடுவதில்லை. தண்ணீரிலேயே கொஞ்சம் இருக்கும், மணல் கொடுத்தால் தானே குடியேறி வளரும். புது மணல் போட்டால் சில வாரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நைட்ரேட்டுக்கு பாக்டீரியாவை வைத்துக் குடிநீர் நிலையம் கட்டியது பிரான்ஸ், 1980-களிலேயே. எத்தனாலோ அசிட்டிக் அமிலமோ தீனியாகச் சொட்டுச் சொட்டாகக் கலப்பார்கள். மூடிய தொட்டி, காற்று புகாது. வெளியே வரும் தண்ணீரை அப்படியே குடிக்க விடமாட்டார்கள். மறுபடி காற்றூட்டி, வடிகட்டி, கிருமிநீக்கம் செய்து, நைட்ரைட் அளந்து பார்த்து, அப்புறம்தான் குழாய்க்கு.

கலிபோர்னியாவில் ரியால்டோ என்ற ஊரில் இதைவிடக் கடினமான ஒன்று. அங்கே நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இறங்கிவிட்டது. ராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் சேர்க்கும் உப்பு. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகவிடாமல் தடுக்கும். கலிபோர்னியா 2007-ல் வைத்த வரம்பு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். கிராமில் பத்து லட்சத்தில் 6 பங்கு! அதற்குத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தள்ளி, பாக்டீரியா ஒட்டிய துகள்களை மிதக்க வைக்கும் உயரமான தொட்டி கட்டினார்கள். பெர்குளோரேட்டை உடைத்தால் மிஞ்சுவது வெறும் குளோரைடு, நம் சாப்பாட்டு உப்பில் இருப்பது, கூடவே கொஞ்சம் பிராணவாயு. அந்தப் பிராணவாயுவையும் பாக்டீரியாவே தின்றுவிடும். அழகான வேலை.

ஆனால் இந்த ஊர்களில் எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் அளவுக்கருவியும் ஆளும் உண்டு. பாலாடா ஊருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 20,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 30-க்கு இறக்க நாளுக்கு 840 கிராம் நைட்ரேட் எடுக்க வேண்டும். ரசாயனக் கணக்குப்படி 260 கிராம் எத்தனால். கரைந்திருக்கும் பிராணவாயுவை முதலில் தீர்க்க இன்னும் 75 கிராம். பாக்டீரியா தன் உடம்பை வளர்த்துக்கொள்ளவும் எடுக்கும். ஆக நாளுக்கு அரைக் கிலோ ஆல்கஹால். தீனி இதுதான். மாதம் ஒரு கிலோ வெள்ளைப் பொடியில் என்ன வேலை நடக்கும் என்று நீங்களே பாருங்கள்.

---

மஞ்சூர் மணி | ஜனவரி 9, மாலை 5:05

நாளுக்கு அரைக் கிலோ ஆல்கஹால் தினமும் தவறாமல் கிணற்றடிக்குப் போய்ச் சேரும் என்று எந்த ஊர்க்காரனாவது உறுதி கொடுப்பானா? எங்கள் ஊரில் மோட்டார் போடுகிற அண்ணனிடம் அந்த கேனைக் கொடுத்தால் பாக்டீரியா பட்டினிதான்.

---

குன்னூர்ப் பையன், இப்போது கோபன்ஹேகன் | ஜனவரி 9, மாலை 5:20

சிரித்துவிட்டேன், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது மணி அண்ணா. பாக்டீரியாவும் மாடு மாதிரி. தொழுவம், தீவனம், வேளைக்குப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தீவனம் குறைந்தால் நைட்ரைட் மிஞ்சும். கூடினால் மிச்சத் தீனி குழாய்க்குள் போய் வழுவழுவென்று வேறு கிருமி வளரும். இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் தண்ணீர் ஓடாமல் நின்றால் தொட்டிக்குள் அழுகின முட்டை வாடை வந்துவிடும்.

குளிரும் ஒரு காரணம். பத்து டிகிரி குறைந்தால் இவற்றின் வேகம் ஏறத்தாழ பாதியாகும். கிணற்றுத் தண்ணீர் வருஷம் முழுக்கப் 15 டிகிரி சுற்றி இருக்கும், அது பரவாயில்லை. தரைக்கு மேலே சிமெண்ட் தொட்டி கட்டி வைத்தீர்கள் என்றால், இப்போது தலைக்குந்தாவில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிறதே, அந்த மாதிரி இரவில் பாக்டீரியா தூங்கிவிடும்.

---

பூண்டுமலை | ஜனவரி 10, காலை 8:10

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். நான் பழனி மலை, பூம்பாறை பக்கம். எங்கள் தோட்டத்து ஊற்று விழும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று படிகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி பளபளக்கிறது. யாரோ டீசல் கொட்டிவிட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டையே வந்துவிட்டது. அங்கேயும் பாக்டீரியா போட்டால் எண்ணெய் போகுமா? கப்பல் எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா பற்றிப் படித்திருக்கிறேன்.

இன்னொன்றும். கொடைக்கானல் தெர்மோமீட்டர் ஆலைப் பாதரசத்தை பாக்டீரியாவால் எடுக்க முடியுமா?

---

ஆய்வகத்து அக்கா | ஜனவரி 10, காலை 11:35

முதலில் சண்டையை நிறுத்துங்கள். ஒரு குச்சியை எடுத்து அந்தப் பளபளப்பைக் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்த மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து, சேராமல் அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியா. கலைத்ததும் வளைந்து ஓடி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். மூக்குக்கும் டீசல் வாடை தெரியும்.

ஆரஞ்சுக் கொழகொழப்பும் அவைதான், கேலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் வகையறா. நம் மலை மண் சிவப்பு, இரும்பு அதிகம். மண்ணுக்கடியில் காற்றில்லாமல் கரைந்து வரும் இரும்பு வெளியே வந்து காற்றுப் பட்டதும் இவை அதைத் துருவாக்கும், சில அதிலிருந்தே உயிர் வாழும். உடம்புக்கு நோய் தராது, குழாயை அடைக்கும், வெள்ளை வேட்டியைக் கெடுக்கும். கோபன்ஹேகன் தம்பி சொன்ன மணல் படுகையில் நடப்பதும் இதேதான், அங்கே தொட்டிக்குள், உங்களிடம் ஊற்று வாயில். ஊற்றுக்குக் கீழே இரண்டு மூன்று படி கட்டித் தண்ணீரை விழ வைத்து, பிறகு மணலில் விட்டால் இரும்பு அங்கேயே தங்கிவிடும்.

கப்பல் எண்ணெய்க்கு வருவோம். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற நம்மூர் விஞ்ஞானி அமெரிக்காவில் எண்ணெய் தின்னும் சூடோமோனாஸ் ஒன்றை உருவாக்கி, உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை உண்டா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் வென்றார். அது வேறு பெரிய கதை.

பாதரசம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நைட்ரேட் ஒரு சேர்மம், உடைத்தால் காற்றாகிவிடும். பெர்குளோரேட்டும் அப்படித்தான். பாதரசம் ஒரு தனிமம். அதை எந்த உயிராலும் உடைக்க முடியாது, வடிவத்தைத்தான் மாற்ற முடியும். சில பாக்டீரியா கரைந்த பாதரச உப்பைத் தனிப் பாதரசமாக்கி ஆவியாக வெளியே தள்ளும். ஜெர்மனியில் இதை வைத்து ஆலைக் கழிவுநீரைத் தொட்டிக்குள் சுத்தம் செய்திருக்கிறார்கள், உருண்டுவரும் பாதரசத்தை அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டு. மலைச்சரிவில் செய்தால்? தண்ணீரிலிருந்து போய்க் காற்றில் கலக்கும், மழையில் திரும்பி வரும். அதைவிட மோசம், காற்றில்லாத சேற்றில் வேறு சில பாக்டீரியா அதே பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கிவிடும். மீன் உடம்பில் சேர்வது அந்த வடிவம்தான். ஆகவே ஆலைக்குக் கீழே இருக்கும் பாம்பார் சோலைச் சரிவில் யாராவது பொடி தூவ வந்தால் கம்பை எடுங்கள். 2001-ல் ஆலை மூடி, 2003-ல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பக் கப்பல் ஏறியது. மண்ணில் ஊறியதை மண்ணோடு எடுத்துக் கழுவிச் சூடாக்குவதுதான் இன்றைக்கும் வழி.

---

பூண்டுமலை | ஜனவரி 10, மாலை 4:00

குச்சி வைத்துப் பார்த்தேன். கண்ணாடித் துண்டுதான். பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு கிலோ மலைப்பூண்டு கொண்டு போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டாயிற்று.

---

தூயநீர்_நண்பன் | ஜனவரி 10, இரவு 9:12

எல்லோரும் தவறாகப் பேசுகிறீர்கள். நான் இந்தப் பொடியைப் பயன்படுத்தி ஒரே வாரத்தில் நைட்ரேட் பூஜ்யம் ஆனது. 100 சதவீதம் இயற்கை. விவரத்துக்குத் தனிச் செய்தியில் வாருங்கள்.

---

நெறியாளர் | ஜனவரி 10, இரவு 9:40

இந்தக் கணக்கு இன்று இரவு 9:05-க்குத் தொடங்கப்பட்டது. தனிச் செய்தி அனுப்பும் வசதி முடக்கப்பட்டிருக்கிறது. ஆய்வுத் தாள் இருந்தால் இங்கேயே பதிவிடலாம், இழை திறந்துதான் இருக்கிறது.

---

கப்பத்தொரை விவசாயி | ஜனவரி 11, காலை 5:55

நான் நாலு ஏக்கர் கேரட் போடுபவன். எல்லோரும் சுற்றி வளைத்து எங்கள் உரத்தில்தான் வந்து நிற்கப் போகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், போடுகிறோம். கீழே இருந்து லாரி லாரியாகக் கோழி எரு வருகிறது, அது போதாமல் யூரியா, காம்ப்ளெக்ஸ். மேட்டுப்பாளையம் மண்டியில் காய் குண்டாக இல்லையென்றால் விலை பாதி. மலையில் மழை அடித்தால் போட்டதில் ஒரு பங்கு ஓடிவிடும் என்று தெரிந்தே அதற்கும் சேர்த்துப் போடுகிறோம். விஷம் வைக்கிறான் என்று பேசாதீர்கள், அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் என் பேரனும் குடிக்கிறான்.

ஆனால் எல்லாம் உரமா? ஒவ்வொரு வீட்டுக்கும் கிணற்றுக்கு மேலே ஓர் உறைக்குழி. தொழுவச் சாக்கடை எங்கே போகிறது? அதையும் எழுதுங்கள்.

---

ஆய்வகத்து அக்கா | ஜனவரி 11, காலை 8:30

ஐயா சொல்வது சரி. கக்கூஸ் குழியும் தொழுவமும் கணக்கில் உண்டு. குளோரைடும் சேர்ந்து ஏறியிருந்தால் கழிவுநீர் மேல் சந்தேகப்படலாம். பாலாடாத் தம்பியின் தாளில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள்.

உரத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், யாரையும் குற்றம் சொல்ல இல்லை. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 சதவீதம், 20 கிலோவுக்கு மேல். முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 90 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மழையோடு இறங்கினாலும், சுத்தமான தண்ணீர் 2 லட்சம் லிட்டரை 45 என்ற வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும். ஒரு மூட்டைக்கு இது. அதே மூட்டையை இரண்டு தவணைக்குப் பதில் நாலு தவணையாகப் பிரித்துப் போட்டால், மழைக்கு முந்தின நாள் போடாமல் இருந்தால், காசும் மிஞ்சும்.

---

குன்னூர்ப் பையன், இப்போது கோபன்ஹேகன் | ஜனவரி 11, மதியம் 1:15

இங்கேயும் கடைசியில் அதுதான் முடிவு. இரும்புக்கு பாக்டீரியாவை நம்பும் டென்மார்க், நைட்ரேட்டுக்குப் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. கெட்ட கிணற்றை மூடுவார்கள், நல்ல கிணற்றைச் சுற்றி உரத்துக்குக் கட்டுப்பாடு வைப்பார்கள்.

---

சோலைக்குயில் | ஜனவரி 11, மாலை 6:30

எதற்கு இவ்வளவு விஞ்ஞானம்? பெரியவர்கள் பள்ளத்தின் அடியில் கிணறு வெட்டிக் குடிக்கவில்லை. சோலைக்குக் கீழே, தோட்டத்துக்கு மேலே வரும் ஊற்றைத்தான் குடித்தார்கள். மணலும் கரியும் போட்டு வடிகட்டினால் எல்லாம் போகும்.

---

ஆய்வகத்து அக்கா | ஜனவரி 11, இரவு 7:45

முதல் பாதிக்குக் கும்பிடு. இரண்டாம் பாதி தப்பு. மணல், கரி இரண்டும் நைட்ரேட்டை விட்டுவிடும். கிருமிக்குத்தான் மணல்.

அதுவும் பாக்டீரியா வேலைதான், யாருக்கும் தெரிவதில்லை. மெதுவாக ஓடும் மணல் வடிகட்டியில் மேல் பரப்பில் சில வாரத்தில் வழுவழுப்பான ஒரு தோல் வளரும். பாக்டீரியா, பாசி, ஓரணு உயிர்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம். நோய்க்கிருமியை அவை பிடித்துத் தின்னும். 1829-ல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்சன் பெரிய அளவில் இதைக் கட்டியபோது கிருமியால் நோய் வரும் என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. 1892-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க், ஆல்டோனா என்ற ஒட்டியிருக்கும் இரண்டு ஊர். இரண்டும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். ஆல்டோனா மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. காலரா வந்து ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே தெருவில் இந்தப் பக்கம் காலரா, அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

---

பாலாடாக்காரன் | ஜனவரி 12, இரவு 8:50

கூட்டம் முடிந்தது. ஜீப்காரரிடம் மூன்று கேள்வி கேட்டோம்: டப்பாவுக்குள் என்ன பாக்டீரியா, தீனி என்ன, நைட்ரைட் ஆய்வுத் தாள் எங்கே. முதல் கேள்விக்கு "கம்பெனி ரகசியம்" என்றார். மற்ற இரண்டுக்கும் பதில் வரவில்லை, ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாளில் குளோரைடும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. கிணற்றிலிருந்து பதினைந்து அடியில் தொழுவம் ஒன்று இருக்கிறது. யாருடையது என்று கேட்காதீர்கள், என் பெரியப்பாவுடையது. கூட்டத்தில் அவர்தான் "நாற்பது வருஷமாகக் குடிக்கிறோம்" என்று சத்தம் போட்டவர்.

ஊருக்கு மேலே சோலை ஓரம் ஓர் ஊற்று உண்டு. குடிக்கவும் சமைக்கவும் அதைத் தனிக் குழாயில் கொண்டுவரலாமா என்று பேச்சு. சோதிக்கக் கொடுத்திருக்கிறோம்.

---

பாலாடாக்காரன் | ஜூலை 21, காலை 7:05

ஆறு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சோலை ஊற்றில் நைட்ரேட் 9. ஆனால் கோலிஃபார்ம் இருக்கிறது, சாணி, மலம் கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி. காட்டெருமை அங்கேதான் தண்ணீர் குடிக்கும். கிணறு இரண்டு மழைக்குப் பிறகு மறுபடி சோதித்தோம்: 81. தொழுவத்துச் சாக்கடையைத் திருப்பிய பிறகும் கூடியிருக்கிறது. ஊரில் ஒரு கூட்டம் "பார்த்தாயா, பாக்டீரியாவே வாங்கியிருக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டது.

---

ஆய்வகத்து அக்கா | ஜூலை 21, காலை 9:00

மழையில் கூடத்தான் செய்யும் தம்பி. மண்ணில் பல வருஷமாக ஊறிக் கிடப்பதை மழை இப்போது கீழே தள்ளுகிறது. சாக்கடையைத் திருப்பின பலன் தெரிய இரண்டு மூன்று வருஷம் கூட ஆகலாம். கிணற்றைக் குளிக்க, துவைக்க, கேரட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைப் பாய்ச்சினால் உரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நைட்ரேட்டும் உரம்தானே. இதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், காசு மிச்சம் என்றால் காது கேட்கும்.

ஊற்றுக்கு மணல் வடிகட்டி கட்டுங்கள். ஒரு சதுர மீட்டர் மணல் மணிக்கு 150 லிட்டர் விடும், நாளுக்கு 3,600. அறுபது வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் போதும். இராப்பகலாக ஓட வேண்டும், நிறுத்தி நிறுத்தி விட்டால் மேல்தோல் செத்துவிடும். சுற்றி வேலி போடுங்கள், கடைசியில் கொஞ்சம் குளோரின் விடுங்கள்.

---

பாலாடாக்காரன் | ஜூலை 22, காலை 6:40

தொட்டி கட்ட ஆள் பார்த்தாயிற்று. மணல்தான் சிக்கல். மேட்டுப்பாளையத்திலிருந்து எம் சாண்ட் ஏற்றி அனுப்புகிறேன் என்கிறார்கள். அது ஆகுமா?

---

குன்னூர்ப் பையன், இப்போது கோபன்ஹேகன் | ஜூலை 22, காலை 11:10

எம் சாண்டில் கல் தூள் அதிகம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆற்று மணல் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் எம் சாண்டையே சலித்து, நன்றாகக் கழுவிப் போடலாம். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். நாலைந்து நொடியில் மேல் தண்ணீருக்குப் பின்னால் விரல் தெரிந்தால் கழுவியது போதும். தெரியாவிட்டால் மறுபடி கழுவுங்கள். முக்கால் மீட்டர் உயரத்துக்கு மணல், அடியில் பொடி ஜல்லி, அதற்கும் அடியில் பெரிய ஜல்லி.

---

பாலாடாக்காரன் | ஜூலை 22, இரவு 9:30

குலுக்கிப் பார்த்தேன். டீ மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மணல் கழுவுவதாகப் பேச்சு. பெரியப்பா சல்லடை கொண்டு வருகிறாராம்.